அவர்கள் ஏன் அந்த இடத்தை விட்டுப் போனார்கள்?

கேள்வி:

எனக்கு வயது 15. ஒன்பது வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்காக ஒரு சாகச நாவல் எழுதி முடித்திருக்கிறேன். பள்ளி முகாமுக்குப் போன இடத்தில், மலைக்காட்டில் வழி தவறிய மூன்று பிள்ளைகள் ஆறு நாட்கள் எப்படித் தாக்குப்பிடிக்கிறார்கள் என்பதுதான் கதை. 13 வயது அக்கா, 9 வயதுத் தம்பி, தம்பியின் நண்பனான கண்ணாடி போட்ட பையன். மொத்தம் 22 அத்தியாயங்கள். காட்டாற்று வெள்ளம், பாம்பு, சிறுத்தை, காட்டுத்தீ எல்லாம் வருகின்றன. ஆனாலும் படிக்கக் கொடுத்த ஐந்து பிள்ளைகளில் மூன்று பேர் நான்காம் அத்தியாயத்தோடு வைத்துவிட்டார்கள். கேட்டால் "அப்புறம் படிக்கிறேன்" என்கிறார்கள். இன்னும் ஆபத்துகளைச் சேர்க்க வேண்டுமா? கதையில் அவர்களுடன் வந்த ஆசிரியர் இறந்துவிடுகிறார். "சின்னப் பிள்ளைகள் கதையில் சாவு எதற்கு?" என்று என் மாமா கேட்கிறார். எடுத்துவிடலாமா? பதிப்பகத்துக்கு அனுப்பும்போது என் வயதைச் சொல்லலாமா? முதல் ஐந்து அத்தியாயங்களையும் முழுக் கதையின் சுருக்கத்தையும் இணைத்திருக்கிறேன்.

பதில்:

வயதில் நீங்கள் என் பேத்தியின் தோழியாக இருக்கலாம். ஆனாலும் 22 அத்தியாயங்களை எழுதி முடித்த ஒருவரை 'நீ' என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. "எழுதத் தொடங்கியிருக்கிறேன்" என்று என் மேசைக்கு வரும் கடிதங்கள் ஏராளம். "முடித்துவிட்டேன்" என்று வருபவை கொஞ்சம்தான்.

ஆபத்து எதையும் சேர்க்காதீர்கள். இருப்பதே அதிகம். ஐந்து அத்தியாயங்களையும் இரண்டு முறை படித்தேன். இரண்டாம் முறை கையில் பென்சிலோடு. மூன்று பிள்ளைகளும் புத்தகத்தை மூடிய இடத்திலேயே என் பென்சிலும் நின்றது. நான்காம் அத்தியாயத்தின் முதல் பக்கத்தில் இருக்கிற இந்த இரண்டு வரிகள்:

"'வாருங்கள், போகலாம்' என்றாள் அக்கா. மூவரும் நடக்கத் தொடங்கினார்கள்."

ஏன்? முதல் நாள் மாலை ஆசிரியர் சரிவில் உருண்டு பள்ளத்துக்குள் போய்விட்டார். பிள்ளைகள் ஒரு பாறைக்கு அடியில் இரவைக் கழித்திருக்கிறார்கள். மழை படாத இடம். பாதைக்கு நூறு அடி தூரம்கூட இல்லை. முகாமில் இருப்பவர்கள் தேடி வந்தால் முதலில் வந்து சேரப்போவதும் அங்கேதான். அந்த இடத்தை விட்டு ஏன் கிளம்புகிறார்கள்? நீங்கள் சொல்லவில்லை. கதை நகர வேண்டும் என்பதற்காக நீங்கள் அவர்களை நகர்த்திவிட்டீர்கள்.

பெரியவர்கள் இதைப் பொறுத்துக்கொள்வார்கள். பத்து வயதுப் பிள்ளை பொறுத்துக்கொள்ளாது. தொலைந்துபோனால் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும் என்று கூட்டமான இடங்களுக்குப் போகும்போதெல்லாம் கேட்டுக் கேட்டு வளர்ந்த பிள்ளை அது. அதற்குத் தெரிந்த அந்த ஒரு விதி உங்கள் 13 வயதுப் பெண்ணுக்குத் தெரியவில்லை என்றதும் அவளை நம்புவதை நிறுத்திவிடுகிறது. அதற்குப் பிறகு சிறுத்தை வந்தால் என்ன, யானையே வந்தால் என்ன?

உயிர்பிழைக்கும் கதை எழுதுகிற எல்லோரையும் கவிழ்க்கிற பள்ளம் இதுதான். காட்டில் வழி தவறியவன் செய்ய வேண்டிய சரியான காரியம், பெரும்பாலும், சும்மா உட்கார்ந்திருப்பது. கதைக்கோ கால் பரபரக்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி. ஆகவே 'இவர்கள் ஏன் அந்த இடத்தை விட்டுப் போனார்கள்?' என்ற கேள்விக்கு நீங்கள் தரும் விடைதான் நாவலின் அச்சாணி. மற்றவை எல்லாம் அதற்குப் பிறகு.

நடந்தவற்றிலிருந்து சொல்கிறேன். 1971 டிசம்பர் 24 அன்று பெரு நாட்டில் ஒரு பயணிகள் விமானம் புயலில் சிக்கி அமேசான் காட்டுக்குமேல் உடைந்து சிதறியது. உயிரோடு மீண்டவர் ஒரே ஒருவர்; ஜூலியான கோப்கே என்ற 17 வயதுப் பெண். விழுந்த இடத்தில் அவர் காத்திருக்கவில்லை, நடந்தார். தேடும் விமானங்களின் சத்தம் தலைக்குமேல் கேட்டது. ஆனால் மரங்களின் கூரை அவ்வளவு அடர்த்தியாக இருந்ததால் அவர்கள் கண்ணுக்குத் தான் தெரியப்போவதில்லை என்று அவருக்குப் புரிந்துவிட்டது. பெற்றோர் இருவரும் காட்டில் ஆய்வு செய்தவர்கள். சிற்றோடை பெரிய ஓடையில் சேரும், அது ஆற்றில் சேரும், ஆற்றங்கரையில் மனிதர்கள் இருப்பார்கள் என்று தந்தை சொல்லிக் கொடுத்திருந்தார். நீர் ஓடும் சத்தம் காதில் விழுந்தது. அதைப் பிடித்துக்கொண்டு போனார். கிட்டப்பார்வைக்காரர், கண்ணாடியும் தொலைந்துவிட்டது. காலில் ஒற்றைச் செருப்பு. அந்தச் செருப்புக் காலை முதலில் முன்னால் வைத்துத் தரையைச் சோதித்துக்கொண்டே நடந்தார். பதினோராம் நாள் மனிதர்கள் கண்ணில் பட்டார்கள்.

அந்த ஒற்றைச் செருப்பைக் கவனித்தீர்களா? உங்கள் சிறுத்தை வரும் இரண்டு அத்தியாயங்களைவிட அது கனமானது.

இன்னொரு நிகழ்ச்சி. 2023 மே 1 அன்று கொலம்பியாவின் காட்டில் ஒரு சிறு விமானம் விழுந்தது. தாயும் மற்றப் பெரியவர்களும் இறந்துபோக, நான்கு பிள்ளைகள் மட்டும் எஞ்சினார்கள். மூத்தவளுக்கு வயது 13, உங்கள் அக்காவின் வயதுதான். கடைசிக் குழந்தைக்கு 11 மாதம். விமானத்தில் இருந்த மரவள்ளி மாவை எடுத்துக்கொண்டு அவர்கள் அந்த இடத்தை விட்டு நகர்ந்தார்கள். தேடியவர்கள் ஹெலிகாப்டரில் ஒலிபெருக்கி கட்டி, பாட்டியின் குரலை அவர்களுடைய தாய்மொழியிலேயே பதிவு செய்து காட்டுக்குமேல் ஒலிபரப்பினார்கள். என்ன சொல்லி? "இருக்கும் இடத்திலேயே இருங்கள்" என்றுதான். 40ஆம் நாள், ஜூன் 9 அன்று, விமானம் கிடந்த இடத்திலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் தொலைவில் நால்வரும் உயிரோடு கிடைத்தார்கள். நகராமல் இருக்கச் சொல்லும் பாட்டியின் குரல் வானத்தில், நகர்ந்துகொண்டே இருக்கும் பிள்ளைகள் தரையில். இதற்குமேல் ஒரு நாவலாசிரியருக்கு என்ன வேண்டும்?

இப்போது உங்கள் கைப்பிரதிக்கு வருகிறேன். காரணத்தைத் தேடி நீங்கள் வெளியே எங்கும் போக வேண்டாம். மூன்றாம் அத்தியாயத்தின் கடைசி வரி இது: "ஆசிரியரின் குரல் இரவெல்லாம் பள்ளத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது. விடியும்போது கேட்கவில்லை." இதைப் படித்ததும் நான் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். பதினைந்து வயதில் இந்த வரியை எழுதியவர், அடுத்த பக்கத்திலேயே அதை மறந்துவிட்டு "வாருங்கள், போகலாம்" என்று எப்படி எழுதினார்?

அக்கா ஏன் நகர்கிறாள் என்றால், குரல் நின்றுவிட்டது, அதனால் நகர்கிறாள். இரவெல்லாம் அவர் "அங்கேயே இருங்கள், இறங்காதீர்கள்" என்று கத்தியிருப்பார். குரல் வந்த வரை அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டுப் பாறைக்கடியில் இருந்தாள். குரல் நின்றதும், சொல்லக்கூடியவர் இல்லாததால், இறங்குகிறாள். தவறான முடிவுதான். ஆனால் படிக்கிற பிள்ளை எதுவாக இருந்தாலும் தானும் இறங்கியிருக்கும். "போகாதே" என்று வாய் சொல்லும், கால் அவளோடு போகும். அந்த இழுபறிதான் ஐந்தாம் அத்தியாயத்தைப் புரட்ட வைக்கும்.

இதையே செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. உங்கள் கதை, உங்கள் விருப்பம். ஓடையில் நீர் ஏறிப் பாறையடியை மூழ்கடிக்க ஆரம்பிக்கலாம். எதிர்மலையில் தம்பி ஒரு வெளிச்சத்தைப் பார்த்ததாகச் சொல்லலாம், அது பொய்யாகவும் இருக்கலாம். எதை எடுத்தாலும் ஒன்றைக் கவனியுங்கள். முடிவு பிள்ளைகளுடையதாக இருக்க வேண்டும். அதற்கு அவர்கள் ஏதாவது ஒரு விலை கொடுக்க வேண்டும். வெள்ளம் அடித்துக்கொண்டு போவதைவிட, இறங்கியதால் இனி ஏற முடியாது என்று தெரியவருவது பெரிய ஆபத்து.

மாமாவின் கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. சாவு இருக்கலாம். சின்னப் பிள்ளைகளுக்கு நாம் காலங்காலமாகச் சொல்லிவந்த கதைகளில் சாவுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் மாமாவுக்கு உறுத்தியது சாவு அல்ல என்று நினைக்கிறேன். ஒரு மனிதர் மூன்றாம் அத்தியாயத்தில் இறக்கிறார்; நான்காம் அத்தியாயத்தில் கண்ணாடிக்காரப் பையன் ஜோக் அடிக்கிறான், மூவரும் சிரிக்கிறார்கள். அவர் பெயர் அதற்குப் பிறகு ஒரு முறைகூட வரவில்லை. சுருக்கத்தில் முடிவு வரைக்கும் தேடினேன், இல்லை. பிள்ளைகள் தனியாக இருக்க வேண்டும் என்பதற்காக மட்டும் அவரைக் கொன்றிருக்கிறீர்கள். படிக்கிற பிள்ளையைக் காயப்படுத்துவது சாவு அல்ல. யாருமே அழாத சாவு. சிரிப்பும் வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. பயந்துபோன பிள்ளைகள் சிரிக்கத்தான் செய்வார்கள். ஆனால் சிரிப்பு பாதியில் நிற்கட்டும். அவர் இருந்திருந்தால் அதட்டியிருப்பார் என்று மூவருக்கும் ஒரே நேரத்தில் தோன்றட்டும்.

அடுத்தது குளிர். ஐந்தாம் அத்தியாயத்தில் இப்படி எழுதியிருக்கிறீர்கள்: "கடுங்குளிர் அவர்களை வாட்டியது. மூவரும் வெடவெடவென நடுங்கினார்கள். நாளை உயிரோடு இருப்போமா என்று அக்கா எண்ணினாள்." தவறு ஒன்றும் இல்லை. ஆனால் இதைப் படிக்கிற எனக்குக் குளிரவில்லை.

குளிர் உடம்புக்குள் எப்படி வருகிறது என்று பாருங்கள். ஈரத்துணிதான் முதல் எதிரி. நீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்பின் சூட்டை இழுத்துக்கொண்டு போகும். சின்ன உடம்பு பெரிய உடம்பைவிடச் சீக்கிரம் குளிர்ந்துவிடும். அப்படியானால் முதலில் விழப்போவது தம்பி. முதலில் விரல்கள் சொன்னபடி கேட்காது. பிறகு காரணமே இல்லாமல் எரிச்சல் வரும். நடை தடுமாறும், பேச்சு குழறும். உடம்பின் உள்வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் அது மருத்துவ ஆபத்து. இன்னும் இறங்கினால் நடுக்கமே நின்றுவிடும். பார்ப்பவர்கள் 'அப்பாடா, சரியாகிவிட்டது' என்று நினைக்கிற அந்த நேரம்தான் மிக மோசமான நேரம்.

இதை வைத்துக்கொண்டு அந்தக் காட்சியைத் திரும்ப எழுதிப் பாருங்கள். நான் தோராயமாக எழுதிக் காட்டுகிறேன். என் வரிகளை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்:

"'சட்டைப் பொத்தானைப் போடு' என்றாள் அக்கா. தம்பி குனிந்து பார்த்தான். பொத்தான் விரலிலிருந்து வழுக்கியது. மறுபடி பிடித்தான், மறுபடி வழுக்கியது. 'ஒன்றாம் வகுப்பிலேயே போடக் கற்றுக்கொண்டாயே' என்று கண்ணாடிக்காரன் சிரித்தான். தம்பி அவனை அடிக்கக் கை ஓங்கினான். ஓங்கிய கை பாதியிலேயே இறங்கிவிட்டது. அக்கா தானே பொத்தானைப் போட்டுவிட்டாள். அவன் கன்னத்தைத் தொட்டாள். 'ரொம்பக் குளிருகிறதா?' 'இல்லையே' என்றான் தம்பி. அப்போதுதான் அவன் நடுங்கவில்லை என்பதைக் கவனித்தாள்."

'கடும்' என்ற சொல்லும் 'உயிர்' என்ற சொல்லும் இதில் இல்லை. ஒரு பொத்தான் இருக்கிறது. எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்த பொத்தான். அதன் பிறகு அக்கா அவனுடைய ஈரச் சட்டையைக் கழற்றுவாள், சருகைக் குவித்துத் தரைக்கும் அவனுக்கும் நடுவில் திணிப்பாள், இருவரும் அவனை நடுவில் போட்டுக் கட்டிக்கொள்வார்கள். அப்போதுதான் போட்ட பொத்தானை அவளே திரும்பக் கழற்ற வேண்டியிருக்கும் என்பதையும் பாருங்கள். அப்படி ஓர் இரவு போதும். அந்த இரவுக்குச் சிறுத்தை வேண்டாம்.

சிறுத்தையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சுருக்கத்தின்படி அது 12ஆம் அத்தியாயத்தில் வருகிறது, 13இல் போய்விடுகிறது. 14ஆம் அத்தியாயத்தில் எதுவும் மாறவில்லை. ஒரு நிகழ்ச்சியைக் கையால் மூடிக்கொண்டு அடுத்த அத்தியாயத்தைப் படியுங்கள். வித்தியாசம் தெரியாவிட்டால் அதை எடுத்துவிடலாம். காட்டுத்தீக்கும் இதே சோதனை. ஆறு நாளில் வெள்ளமும் காட்டுத்தீயும் ஒரே காட்டில் வருவது எனக்குச் செரிக்கவில்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

ஐந்தாம் அத்தியாயத்தில் பனிமூட்டத்துக்குள் மூவரும் "மூன்று மணி நேரம் நேராக நடந்தார்கள்" என்று இருக்கிறது. முடியாது. 2009இல் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் மனிதர்களைக் காட்டிலும் பாலைவனத்திலும் நடக்கவிட்டு, ஜி.பி.எஸ். கருவியால் பாதையைப் பதிந்து பார்த்தார்கள். சூரியன் தெரிந்தவர்கள் ஏறக்குறைய நேராகப் போனார்கள். மேகம் மூடிய காட்டில் நடந்தவர்கள் தாங்கள் நேராகத்தான் போகிறோம் என்று நம்பிக்கொண்டே சுற்றிச் சுற்றி வந்தார்கள். இதை நீங்கள் திருத்தம் என்று எடுத்துக்கொள்ளாமல் பரிசு என்று எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று மணி நேரம் நடந்த பிறகு, தம்பி உரித்துப் போட்ட மிட்டாய்த் தாள் மறுபடி அவன் காலடியிலேயே கிடந்தால் எப்படி இருக்கும்?

கண்ணாடிக்காரப் பையன் தன் கண்ணாடியால் தீ மூட்டுகிறான். இரண்டாம் அத்தியாயத்திலோ கரும்பலகை தெரியாமல் முன்வரிசையில் உட்காருபவன் என்று அவனை அறிமுகப்படுத்தியிருக்கிறீர்கள். அப்படியானால் அவனுக்குக் கிட்டப்பார்வை. அவன் போட்டிருப்பது குழிலென்சு. அது வெளிச்சத்தை விரிக்கும், குவிக்காது. ஒரு சருகுகூடப் புகையாது. 1954இல் வந்த உலகப் புகழ்பெற்ற ஒரு தீவு நாவலிலேயே இந்தப் பிழை இருக்கிறது. அதை எழுதியவர் பின்னாளில் நோபல் பரிசு வாங்கினார். ஆகவே வெட்கப்பட வேண்டாம், திருத்துங்கள். அவனைத் தூரப்பார்வைக்காரனாக மாற்றிவிடுங்கள். குவிலென்சுக்குப் பின்னால் கண்கள் பெரிதாகத் தெரியும். முதல் அத்தியாயத்தில் வகுப்பே அவனை ஆந்தை என்று கேலி செய்யட்டும். பின்னால் அந்த ஆந்தைக் கண்ணாடிதான் தீ கொடுக்கும், அதுவும் வெயில் சுள்ளென்று அடித்தால் மட்டும். மழைக்காட்டில் அவர்கள் வெயிலுக்காகக் காத்திருப்பதே ஒரு முழு அத்தியாயத்துக்குப் போதும்.

சாமான் கணக்கு தப்புவது பெரியவர்களுக்கும் நடப்பதுதான். 1719இல் வெளிவந்த ராபின்சன் குருசோவில், கதாநாயகன் துணியைக் களைந்துவிட்டு உடைந்த கப்பலுக்கு நீந்துகிறான்; ஏறியதும் பைகளில் பிஸ்கட்டை நிரப்பிக்கொள்கிறான். எந்தப் பை? காலுறையோடும் அரைக்கால் சட்டையோடும்தான் நீந்தினான் என்ற சமாதானம் கொஞ்சம் கழித்து வருகிறது. அந்தக் காலத்திலேயே இதைக் கிண்டல் செய்தவர்கள் உண்டு. நீங்கள் ஒரு தாளில் மூவரின் பைகளிலும் இருப்பதை எல்லாம் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். தீர்ந்ததை, தொலைந்ததை, நனைந்ததை அத்தியாயம் அத்தியாயமாக அடித்துக்கொண்டே வாருங்கள். எத்தனை தீக்குச்சிகள் மிச்சம் என்று உங்களுக்குத் தெரியாவிட்டாலும் படிக்கிற பிள்ளைக்குத் தெரியும்.

உணவைத் தேடி மூன்று அத்தியாயங்கள் செலவழித்திருக்கிறீர்கள்; ஆனால் ஒன்பதாம் அத்தியாயம் வரை யாரும் ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் குடித்ததாகத் தெரியவில்லை. காட்டில் உயிர்பிழைக்கப் பயிற்சி தருபவர்கள் ஒரு தோராயக் கணக்கு சொல்வார்கள்: காற்று இல்லாமல் மூன்று நிமிடம், கடுங்குளிரில் ஒதுங்க இடமில்லாமல் மூன்று மணி நேரம், தண்ணீர் இல்லாமல் மூன்று நாள், சோறு இல்லாமல் மூன்று வாரம். ஆறு நாள் கதையில் பசி கதாநாயகன் அல்ல. பசி எரிச்சலைத் தரும், சண்டை மூட்டும், தூக்கத்தைக் கெடுக்கும். அதற்குமேல் அதற்கு வேலை இல்லை. தெரியாத பழத்தைப் பறித்துத் தின்னும் காட்சியை வெட்டிவிட்டு, கையில் எடுத்து, முகர்ந்து, தின்னாமல் கீழே போடும் காட்சியை எழுதுங்கள். பசித்த பிள்ளை பழத்தைக் கீழே போடுவதுதான் வீரம்.

இங்கே கண்டிப்பாக ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் வாசகர்கள் நீங்கள் எழுதுவதைச் செய்து பார்ப்பார்கள். பாம்பு கடித்த இடத்தை அக்கா கத்தியால் கீறி விஷத்தை உறிஞ்சித் துப்புவதாகச் சுருக்கத்தில் இருக்கிறது. அது வேண்டவே வேண்டாம். கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, கயிற்றால் இறுக்கிக் கட்டவும் கூடாது. கடிபட்ட காலை அசையாமல் வைத்து, முடிந்த வரை சீக்கிரம் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். இன்றைய மருத்துவம் சொல்வது இதுதான். காட்டுக்குள் மருத்துவமனை இல்லையே என்பீர்கள். அங்கேதான் கதை இருக்கிறது. கடிபட்டவன் நடக்கக் கூடாது. உதவியோ நடந்து போனால்தான் கிடைக்கும். பழைய கேள்வியே திரும்ப வந்து நிற்கிறது பாருங்கள், இருப்பதா, போவதா? கடித்தது விஷமுள்ளதா இல்லாததா என்றும் அவர்களுக்குத் தெரியாது. இரவு முழுவதும் அவன் காலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். வீக்கம் இல்லை. இன்னும் இல்லை. விடிகிறது. வெறும் சாரைப் பாம்பாக இருந்துவிட்டுப் போகட்டும்.

மூவருக்குள் சண்டையே இல்லாததும் எனக்கு உறுத்துகிறது. 1965இல் டோங்கா நாட்டில் விடுதிப் பள்ளி மாணவர்கள் ஆறு பேர் ஒரு படகைத் திருடிக்கொண்டு கடலுக்குப் போய், எட்டு நாள் மிதந்து, ஆளில்லாத அட்டா தீவில் ஒதுங்கினார்கள். ஓராண்டுக்குமேல் அங்கே வாழ்ந்து 1966 செப்டம்பரில் மீட்கப்பட்டார்கள். அவர்களுக்குள்ளும் சண்டை வந்தது. வந்தபோது சண்டைக்காரர்கள் தீவின் ஆளுக்கொரு மூலைக்குப் போய் ஆற வேண்டும் என்று விதி வைத்துக்கொண்டார்கள். ஒருவனுக்குக் கால் முறிந்தபோது மற்றவர்கள் குச்சி வைத்துக் கட்டி, அவன் பங்கு வேலையையும் தாங்களே செய்தார்கள். சண்டை போடாத நல்ல பிள்ளைகளைவிட, சண்டை போட்டுவிட்டு ஒரு விதி கண்டுபிடிக்கிற பிள்ளைகளை எழுதுவது சுவையான வேலை. உங்கள் காட்டில் ஆற மூலை கிடையாது. மூவரும் ஒரே பாறைக்கடியில் முதுகைத் திருப்பிக்கொண்டு படுக்கத்தான் வேண்டும்.

மொழியில் பெரிதாகக் குறை இல்லை. "கதிரவன் தன் பொற்கரங்களால் வையத்தை அணைத்தான்" என்பது போன்றவை ஐந்து அத்தியாயங்களில் ஏழு இருக்கின்றன; எண்ணினேன். யாரோ ஓர் ஆசிரியர் கட்டுரைக்கு மதிப்பெண் போட்டுப் பழக்கிவிட்ட வரிகள். அவற்றை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பசியும் குளிருமாக இருப்பவளுக்கு விடியல் என்பது 'கை தெரிகிறது' என்பதுதான். மற்றபடி வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். மூச்சு முட்டுகிற வாக்கியத்தை இரண்டாக உடையுங்கள். ஓர் அத்தியாயம் தூங்கும் முன் ஒரே இருப்பில் படித்து முடிக்கிற நீளத்தில் இருக்கட்டும்; உங்கள் இரண்டாம் அத்தியாயம் அதைப் போல இரு மடங்கு.

திருத்தியதை அதே ஐந்து பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள், அவர்களுக்குக் கதை தெரியும். வேறு பிள்ளைகளிடம் பென்சிலையும் சேர்த்துக் கொடுங்கள். "நன்றாக இருந்ததா?" என்று கேட்டால் "ம்" என்பார்கள். படிப்பதை விட்டு எழுந்துபோன இடத்தில் எல்லாம் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். இரண்டு பேரின் கோடுகள் ஒரே பக்கத்தில் விழுந்தால் அந்தப் பக்கத்தில் கோளாறு.

வயதைப் பற்றி: கடிதத்தில் ஒரு வரியில் சொல்லுங்கள், கடைசியில். முதல் வரியில் கதை இருக்கட்டும். "15 வயதிலேயே எழுதியது" என்பதற்காக ஒரு பதிப்பாசிரியர் ஒரு பக்கம் கூடுதலாகப் படிக்கலாம். வாங்குகிற பிள்ளை உங்கள் வயதைப் பார்க்கப்போவதில்லை. ஒப்பந்தம் என்று வரும்போது மறைக்கவும் முடியாது. பெரும்பாலான நாடுகளில் 18 வயது நிறையாதவர் சார்பில் பெற்றோரோ காப்பாளரோ கையெழுத்திட வேண்டும். வெளியிட உங்களிடமே பணம் கேட்பவர் பதிப்பாளர் அல்ல, அச்சகக்காரர். அவருக்கான நேரம் இது இல்லை.

இப்போதைக்கு நான்காம் அத்தியாயத்தை மட்டும் திருப்பி எழுதி அனுப்புங்கள். மற்ற 21ஐயும் தொடாதீர்கள். காரணம் சரியாக அமைந்துவிட்டால் பாதித் திருத்தங்கள் தாமாகவே விழும்.

இன்னொன்று. முதல் அத்தியாயத்தில் முகாமுக்குக் கிளம்பும்போது ஆசிரியர் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு விசில் கொடுக்கிறார். வழி தவறினால் மூன்று முறை ஊத வேண்டும், கொஞ்சம் பொறுத்து மறுபடி மூன்று முறை ஊத வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கிறார். தம்பி அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பஸ் முழுவதும் ஊதித் திட்டு வாங்குகிறான். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆசிரியர் பள்ளத்திலிருந்து கூப்பிட்டுக்கொண்டிருந்த அந்த இரவில் அது எங்கே இருந்தது?